முன்பாரம், பின்பாரம், விமானம்

எங்காவது ஒரு சின்ன விமானம் விழுந்துவிட்டால் செய்தியில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: ‘அதிக பாரம் ஏற்றியதுதான் காரணமா?’ எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பெட்டிகள் ஏற்றினார்கள் என்றெல்லாம் எழுதுவார்கள். அந்தப் பெட்டிகள் விமானத்தில் எந்த இடத்தில் இருந்தன என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். விமானத்தின் எடைக் கணக்கில் சரிபாதி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பத்திரிகைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விமானம் ஓட்டக் கற்றுத் தருகிற வகுப்புகளிலேயே இந்தப் பாடம் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. கரும்பலகையில் வரிசையாக எழுதிப்போடுவார்கள்: டேட்டம், ஆர்ம், மொமெண்ட், சென்டர் ஆஃப் கிராவிட்டி, பேசிக் எம்ப்டி வெயிட், யூஸ்ஃபுல் லோட். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். கடைசியில் ஒரு சூத்திரம். தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நூற்றுக்கு எழுபது வாங்கினால் பாஸ். மனப்பாடம் செய்தவன் தாராளமாகத் தேறிவிடுவான். ‘டேட்டம் என்றால் என்ன?’ என்று கேட்டால் புத்தகத்தில் உள்ள வரியை அப்படியே ஒப்பிப்பான். ‘பின்னால் இருக்கிற பையை முன்னால் கொண்டுவந்தால் இந்த விமானம் எப்படி நடந்துகொள்ளும்?’ என்று கேட்டால் விழிப்பான்.

இதைவிட மோசமான இன்னொரு பேச்சும் உண்டு. ‘இதெல்லாம் இங்கிலீஷ் மீடியம் சமாச்சாரம், நம்ம ஊர்ப் பையனுக்கு ஏறாது’ என்பது. விமானப் பயிற்சிக்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டும் என்று சொன்னால் அது நியாயம், அந்தச் சுவர் உண்மையானது. ஆனால் வார்த்தைகள் புரியாது என்பது சுத்தப் பொய். சொல்லப்போனால் இந்தச் சொற்களின் பொருள் முழுவதையும் கையால் தொட்டுத் தெரிந்துவைத்திருக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கின்றன. அம்மையார்குப்பம் அதில் ஒன்று.

திருத்தணிப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிற நெசவு ஊர் அது. இந்த வட்டாரத்துக்கும் விமானத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. திருத்தணிக்குப் பக்கத்து ஊரான அரக்கோணத்தில்தான் 1992-இல் தொடங்கிய ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம் இருக்கிறது. ஆனால் இங்கே பேச வேண்டியது ராஜாளியைப் பற்றி இல்லை. தறியைப் பற்றி.

பழைய மாதிரி சாதாரண விசைத்தறியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பாவு நூல் சுற்றிய பெரிய உருளை ஒன்று இருக்கும். நூல் தொளதொளவென்று அவிழ்ந்து வராமல் இறுக்கமாக வர வேண்டும். அதற்காக உருளையின் ஓரத்தில் சங்கிலியோ கயிறோ சுற்றி, அதன் முனையை ஒரு நெம்புகோலில் மாட்டி, அந்த நெம்புகோலில் இரும்பு எடையைத் தொங்கவிட்டிருப்பார்கள். நெய்ய நெய்ய உருளை இளைத்துக்கொண்டே வரும். எடையை அதே இடத்தில் விட்டுவைத்தால் இழுவை கூடிக்கொண்டே போய் நூல் பட்டுப்பட்டென்று அறும். அதனால் தறி ஓட்டுபவர் அந்த எடையை நெம்புகோலில் கொஞ்சம் உள்பக்கமாக நகர்த்தி வைப்பார். இரும்பில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. இடம் மாறியது, இழுவை குறைந்துவிட்டது.

எடை எவ்வளவு என்பது ஒன்று. அது ஆதாரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவது மொமெண்ட். தமிழ் மீடியம் பாடப்புத்தகத்தில் இதற்குத் ‘திருப்புத்திறன்’ என்று பெயர், பத்தாம் வகுப்புக்குள் எல்லோரும் எழுதித் தேறியிருப்பார்கள். அந்தத் தூரத்துக்குத்தான் ஆர்ம் என்று பெயர். அப்பா தினமும் செய்கிற வேலை பையனுக்குப் புரியாது என்று எவன் சொன்னான்?

அடுத்தது மாட்டுவண்டி. இப்போது வண்டிகள் குறைந்துவிட்டன, ஆனால் சொற்கள் இன்னும் இருக்கின்றன. வண்டியில் மூட்டைகளை முன்னால் தள்ளி அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். அது முன்பாரம். பின்னால் தள்ளி அடுக்கினால் நுகம் மேலே தூக்கிக்கொள்ளும், கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும், மேட்டில் ஏறும்போது வண்டியே பின்னால் குடைசாயப் பார்க்கும். அது பின்பாரம். மொத்தம் எத்தனை மூட்டை என்பதற்குத் தனிச் சொல்லும், அவை எங்கே இருக்கின்றன என்பதற்குத் தனிச் சொல்லும் வைத்திருந்த மொழி இது. அதே மொழியில் எழுதுகிற செய்தித்தாள் விமானம் விழுந்தால் ‘அதிக பாரம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறது. விமானிக்கு முதலில் தெரிய வேண்டியது இந்த முன்பாரமும் பின்பாரமும்தான்.

ஈர்ப்பு மையம் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் நின்றால் போதும். காவடித் தண்டின் இரண்டு பக்கமும் பாரம் சமமாக இல்லாவிட்டால், எடுப்பவர் தண்டைக் கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தித் தோளில் நிறுத்திக்கொள்வார். மொத்தப் பாரமும் எந்தப் புள்ளியில் குவிந்து நிற்கிறதோ அந்தப் புள்ளி தோளுக்கு நேராக வந்துவிடும். விமானத்துக்குத் தோள் என்பது இறக்கை. ஒரே ஒரு வித்தியாசம், இறக்கையை நகர்த்த முடியாது. அது தயாரித்த இடத்திலேயே ஆணி அடித்தது மாதிரி நிற்கிறது. அதனால் பாரத்தைத்தான் நகர்த்த வேண்டும், அதையும் தரையில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

இனி நிஜமான விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். செஸ்னா 152. உலகம் முழுவதும் பயிற்சிப் பள்ளிகளில் பார்க்கக்கூடிய இரண்டு பேர் உட்காரும் விமானம். புறப்படும்போது இதன் உச்ச எடை 1670 பவுண்டு, அதாவது சுமார் 757 கிலோ. இதன் கையேட்டில் உதாரணமாகப் போட்டிருக்கும் விமானத்தின் வெற்று எடை 1136 பவுண்டு, சுமார் 515 கிலோ. (வெற்று எடை என்றால் வெறும் தகரமும் எஞ்சினும் மட்டும் இல்லை. எடுக்க முடியாமல் தொட்டியின் அடியில் தங்கிவிடும் எரிபொருளும் எஞ்சின் ஆயிலும் அதில் சேர்த்தி. ஒரே மாடல் என்றாலும் ஒவ்வொரு விமானத்துக்கும் இது வேறுபடும். புது ரேடியோ பொருத்தினால், புது பெயின்ட் அடித்தால் மாறும். அதனால்தான் மூன்று சக்கரங்களையும் தராசுகளில் ஏற்றி நிறுத்தி எடை போடுகிறார்கள். பக்கத்து விமானத்தின் தாளைப் பார்த்து எழுதிக்கொள்வது மோசடி.)

உச்ச எடையில் வெற்று எடையைக் கழித்தால் 242 கிலோ. யூஸ்ஃபுல் லோட் என்று பயமுறுத்துகிற சொல்லுக்கு அர்த்தம் இவ்வளவுதான், ஏற்றக்கூடிய சுமை. தொட்டி நிறைய எரிபொருள் போட்டால் உபயோகிக்கக்கூடியது சுமார் 93 லிட்டர், எடை 67 கிலோ. மிச்சம் 175 கிலோ. ஆளுக்கு 85 கிலோ வீதம் இரண்டு பேர் உட்கார்ந்தால் 170. பைக்கு மிஞ்சுவது 5 கிலோ! பெங்களூரு என்.ஏ.எல். உருவாக்கிய ஹன்சா-3 விமானத்துக்கும் உச்ச எடை 750 கிலோதான். ஆள், எரிபொருள், பை எல்லாவற்றையும் வேண்டிய அளவு ஏற்றிக்கொள்ளலாம் என்ற சலுகை சின்ன விமானத்தில் கிடையவே கிடையாது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும்.

இதுவரை சொன்னது எவ்வளவு என்ற கேள்வி. இனி எங்கே என்ற கேள்விக்கு வருவோம்.

தூரத்தை எங்கிருந்தாவது அளக்க வேண்டுமல்லவா? அந்தத் தொடக்கக் கோடுதான் டேட்டம். செஸ்னா 152-இல் எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவில் இருக்கும் தடுப்புச் சுவரின் முன்பக்கத்தை அதற்காக வைத்திருக்கிறார்கள். வேறு விமானத்தில் மூக்குக்கும் முன்னால், வெறும் காற்றில் ஒரு கோட்டைக் கற்பனை செய்து அங்கிருந்து அளப்பார்கள். புடவையை எந்தத் தலைப்பிலிருந்து அளந்தாலும் நீளம் மாறப்போவதில்லை. அதுபோலத்தான் இதுவும், ஒரே கோட்டிலிருந்து எல்லாவற்றையும் அளந்தால் சரி. ஆனால் வகுப்பில் டேட்டம் ஏதோ புனிதமான பொருள் மாதிரி பாடம் நடத்துகிறார்கள்!

இந்த விமானத்தில் இருக்கைகள் கோட்டிலிருந்து 39 அங்குலத்தில். எரிபொருள் 42 அங்குலத்தில். முதல் சாமான் பகுதி 64 அங்குலத்தில், அதற்கும் பின்னால் இருக்கிற இரண்டாவது பகுதி 84 அங்குலத்தில். ஈர்ப்பு மையம் 36.5 அங்குலத்துக்குப் பின்னால் போகக் கூடாது. முன் எல்லை எடையைப் பொறுத்து மாறும், முழு எடையில் 32.65 அங்குலம்.

170 பவுண்டு எடையுள்ள விமானி தனியாக ஏறுகிறார் என்று வையுங்கள். எரிபொருள் முழுசாக, 147 பவுண்டு. கூடவே 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ நூல் மூட்டை. அதைத் தூக்கிக் கடைசிப் பகுதியில் போடுகிறார். மொத்த எடையைக் கூட்டுங்கள்: 1136, 170, 147, 200, ஆக 1653 பவுண்டு. உச்ச எடைக்கு இன்னும் 17 பவுண்டு பாக்கி இருக்கிறது. ‘அதிக பாரம்’ என்று யாரும் சொல்ல முடியாது. இப்போது ஒவ்வொன்றையும் அதனதன் தூரத்தால் பெருக்குங்கள். விமானம் 34,000. விமானி 6,630. எரிபொருள் 6,174. மூட்டை மட்டும் 16,800. மொத்தம் 63,604. இதை 1653-ஆல் வகுத்தால் 38.5 அங்குலம் வருகிறது. எல்லை 36.5. இரண்டு அங்குலம் தாண்டிவிட்டது. இந்த விமானம் தரையை விட்டுக் கிளம்பினால் விமானி கையில் அடங்காது.

அதே 200 பவுண்டு மூட்டையாக இல்லாமல் ஒரு மனிதராகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால்? 39-ஆல் பெருக்கினால் 7,800. மொத்தம் 54,604. வகுத்தால் 33 அங்குலம். எல்லைக்குள் வந்துவிட்டது. மொத்த எடை முன்பு இருந்த அதே 1653.

அந்தக் கடைசிப் பகுதியில் 40 பவுண்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்று கையேட்டில் எழுதியிருப்பதன் அர்த்தம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். போடாதவனுக்கு அது இன்னொரு ‘இங்கே எச்சில் துப்பாதீர்’ போர்டு. பார்ப்பான், மீறுவான்.

ஈர்ப்பு மையம் எல்லை தாண்டினால் அப்படி என்ன ஆகிவிடும்? முன்பாரம் அதிகமானால் மூக்கு கனக்கும். அதைத் தூக்க வால் பக்கம் கீழ்நோக்கி இன்னும் அதிகமாக அழுத்த வேண்டும். வால் கீழே அழுத்துகிற ஒவ்வொரு கிலோவையும் இறக்கைதான் சேர்த்துச் சுமக்கிறது. அதனால் விமானம் இன்னும் வேகமாகப் பறந்தால்தான் நிற்கும், இறங்கும்போது மூக்கைத் தூக்க முடியாமல் முன்சக்கரம் முதலில் தரையில் மோதலாம். இது கெட்டது, ஆனால் பெரும்பாலும் ஓடுபாதையிலேயே ‘மூக்கு எழும்ப மறுக்கிறது’ என்று எச்சரித்துவிடும். பின்பாரம் அப்படி எச்சரிக்காது. விமானம் சுலபமாக, சந்தோஷமாகவே கிளம்பும். அதன் பிறகு மூக்கு தானாக மேலே போகும். கொஞ்சம் தொட்டாலே துள்ளும். வேகம் குறைந்து இறக்கை தூக்குவதை நிறுத்திவிட்டால், மூக்கைக் கீழே இறக்கி மறுபடி வேகம் பிடிக்க வாலுக்குப் பலம் போதாது. சுழன்று விழ ஆரம்பித்தால் மீள்வது கஷ்டம்.

2001 ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸ் தீவுகளில் அமெரிக்கப் பாடகி ஆலியா சென்ற செஸ்னா 402 விமானம் புறப்பட்ட உடனே விழுந்து 9 பேரும் இறந்தார்கள். எடை உச்ச எல்லையைப் பல நூறு பவுண்டு தாண்டியிருந்தது. அதோடு ஈர்ப்பு மையம் பின் எல்லையையும் 4 அங்குலத்துக்கு மேல் தாண்டியிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. உலகத்துக்கு முதல் பாதி மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

2003 ஜனவரி 8-இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் நடந்தது இன்னும் யோசிக்க வைப்பது. ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் 19 பயணிகள் ஏறும் பீச்கிராஃப்ட் விமானம் கிளம்பிய சில நொடிகளில் மூக்கைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். விமானிகள் போட்ட எடைக் கணக்கு காகிதத்தில் சரி! ஏனென்றால் ஒவ்வொரு பயணிக்கும் விதிப்படி அனுமதித்த சராசரி எடையைப் போட்டிருந்தார்கள். ஜனங்கள் அந்தச் சராசரியைத் தாண்டி எப்போதோ கனத்துவிட்டார்கள். உண்மையில் விமானம் எடையும் கூடி, பின்பாரமாகவும் இருந்தது. பராமரிப்பில் வாலின் கம்பியைத் தவறாகச் சரிசெய்திருந்ததால் மூக்கைக் கீழே இறக்கும் திறனும் குறைந்திருந்தது. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால் தப்பியிருக்கக்கூடும். அதன் பிறகுதான் அமெரிக்க அதிகாரிகள் சராசரி எடையை 10 பவுண்டு உயர்த்தினார்கள். பெரிய விமானத்தில் நூறு இருநூறு பேர் சேரும்போது சராசரி ஓரளவு தாங்கும். இரண்டு பேர் ஏறுகிற விமானத்தில் ‘சராசரி மனிதன்’ என்று யாரும் கிடையாது, அந்த இரண்டு பேர்தான் உண்டு. அவர்களைத் தராசில் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

இங்கேதான் நம்மூரின் பெரிய வியாதி வருகிறது. ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்பது. ஷேர் ஆட்டோவில் பத்துப் பேர் ஏறுவதும் பைக்கில் நாலு பேர் போவதும் பழகிப்போன ஊரில், ஒருவரிடம் ‘உங்கள் எடை எவ்வளவு?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு. விருந்தினரைத் தராசில் நிற்கச் சொல்வது அதைவிடப் பெரிய அவமானம். அதனால் கேட்காமல் உத்தேசமாக 70 கிலோ என்று எழுதிக்கொள்வார்கள். பெட்டியைக் கையால் தூக்கிப் பார்த்து ‘லேசாத்தான் இருக்கு’ என்பார்கள். ஷேர் ஆட்டோ தாங்குகிறதே என்றால், அதற்குக் கீழே ரோடு இருக்கிறது. நூலில் கால் கிலோ குறைந்தால் விடாத ஊர்க்காரர்கள், ஆள் எடை விஷயத்தில் மட்டும் தாராளம் காட்டுவது வேடிக்கை.

‘தமிழில் புரிந்துகொண்டு என்ன பயன், ரேடியோவில் பேசுவதும் தேர்வு எழுதுவதும் ஆங்கிலத்தில்தானே’ என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், ஆங்கிலச் சொற்களைக் கற்றே தீர வேண்டும். வார்த்தைகளை மாற்றி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. டேட்டம் டேட்டமாகவே இருக்கட்டும். ஆனால் பின்பாரம் என்று சொன்ன உடனே மாடு தடுமாறுவது மனதில் வருகிறவனுக்கு ‘ஆஃப்ட் சிஜி’ என்ற சொல் ஐந்து நிமிஷத்தில் ஒட்டிக்கொள்ளும். வெறும் சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டவனுக்குத் தேர்வு முடிந்த மறுநாளே உதிர்ந்துவிடும். கணக்கில் பவுண்டும் அங்குலமும் கேலனும், பெட்ரோல் பங்கில் லிட்டரும், வீட்டுத் தராசில் கிலோவும் இருக்கிற நாட்டில் இது சாதாரணக் குழப்பம் இல்லை. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஏர் கனடாவின் போயிங் 767 விமானமே லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற எண்ணை, லிட்டருக்கு இத்தனை கிலோ என்று எடுத்துக்கொண்டு, நடுவானில் எரிபொருள் தீர்ந்து, எஞ்சின் இல்லாமல் மிதந்து கிம்லி என்ற ஊரில் இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லாதது விமானிகளின் கெட்டிக்காரத்தனம். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பொருளைக் கேட்காமல் எண்ணை மட்டும் பெருக்கினால் அனுபவம் உள்ளவர்களுக்கே இப்படி ஆகும்.

‘இப்போதெல்லாம் போன் ஆப்பில் எண்களைப் போட்டால் அதுவே சொல்லிவிடுகிறது’ என்பது இன்னொரு சமாதானம். சொல்லும். 70 என்று பொய் எழுதினால் 70-க்குத்தான் சொல்லும். பெட்டி கடைசிப் பகுதியில் இருக்கும்போது முன்பகுதி என்று போட்டால் அதற்கும் பச்சை விளக்கு காட்டும்.

ஒரு தடவை கணக்குப் போட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்கிறார்கள். செஸ்னா 152-இல் எரிபொருள் 42 அங்குலத்தில் இருக்கிறது, ஈர்ப்பு மையமோ 34 பக்கம் இருக்கும். பறக்கப் பறக்க எரிபொருள் தீருகிறது, பின்பக்க எடை குறைகிறது, மையம் மெல்ல முன்னால் நகருகிறது. கையேட்டு உதாரணத்திலேயே புறப்படும்போது 34.0 அங்குலத்தில் இருப்பது, உபயோகிக்கக்கூடிய எரிபொருள் முழுவதும் தீர்ந்தால் 33.2-க்கு வந்துவிடும். எரிபொருள் தொட்டி வேறு இடத்தில் இருக்கிற விமானத்தில் இது பின்பக்கமாகவும் நகரலாம். அதனால் கிளம்பும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது ஒரு கணக்கு என்று இரண்டு போட வேண்டும். பாவு இளைக்க இளைக்க எடையை நகர்த்துகிறவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பயிற்சி வகுப்பின் முதல் நாள் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, மாணவர்களை ஒரு தறிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தலாம். மறுநாள் அவர்களையும் அவர்கள் பைகளையும் தராசில் ஏற்றலாம். சூத்திரத்தை மூன்றாவது நாள் எழுதிப்போட்டால் போதும்.